சுவரை நம்பி விற்ற அலமாரி: ஐக்கியா ‘மால்ம்’ நிகழ்வு ஆய்வு

2016 ஜூன் 28 அன்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் ஐக்கியா என்ற அறைக்கலன் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையும் ஒரு கூட்டறிவிப்பை வெளியிட்டன. அமெரிக்காவில் விற்கப்பட்ட சுமார் 2 கோடியே 90 லட்சம் இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அதில் இருந்தது. அவற்றில் ஏறத்தாழ 80 லட்சம் ‘மால்ம்’ என்ற ஒரே வரிசையைச் சேர்ந்தவை. கனடாவில் மேலும் 66 லட்சம். அறிவிப்பில் சொன்ன காரணம் சுருக்கமானது: சுவரோடு சரியாகப் பிணைக்கப்படாத நிலையில் இந்த அலமாரிகள் நிலையற்றவை, கவிழ்ந்தால் குழந்தைகள் சிக்கி இறக்கக்கூடும்.

மலிவு விலையில் அட்டைப்பெட்டியில் பலகைகளாக வந்து, வாங்கியவரே வீட்டில் பொருத்திப் பூட்டிக்கொள்ளும் அறைக்கலன்களைப் பற்றிப் பேச இதைவிட முக்கியமான நிகழ்வு எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை, இல்லாததை யார் தலையில் கட்டுகிறார்கள் என்ற கேள்விக்கு இதில் முழு விடையும் கிடைக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் குழந்தைகளின் பெற்றோர் தவறு செய்யவில்லை. தானாக நிற்க முடியாத ஒரு பொருளை, நிற்கவைக்கும் கடைசி வேலையை மட்டும் வாங்குகிறவரிடம் விட்டுவிட்டு, முழுமையான பொருளாக விற்றதுதான் தவறு. சட்டம் அந்த முடிவுக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின.

பலகையாக வரும் பொருள்

ஐக்கியாவை 1943-இல் சுவீடனில் இங்வார் காம்ப்ராட் தொடங்கினார். பிரித்து அடுக்கி விற்கும் முறை 1956-இல் அங்கே வேரூன்றியது. ‘லோவெட்’ என்ற சிறு மேசையைக் காரில் ஏற்ற முடியாமல் போனபோது கில்லிஸ் லுண்ட்கிரென் என்ற வடிவமைப்பாளர் அதன் கால்களைக் கழற்றிவிட்டார் என்பது நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லும் வரலாறு. பொருத்திப் பூட்டிய அலமாரிக்குள் இருப்பது பெரும்பாலும் காற்று. அந்தக் காற்றுக்குக் கிடங்கு வாடகையும் லாரி வாடகையும் கொடுக்க வேண்டியதில்லை என்றால் விலை இறங்குகிறது. பூட்டும் கூலியும் மிச்சம், ஏனென்றால் அதை வாங்குகிறவரே செய்கிறார்.

இந்தச் சிக்கனத்தில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. புதிதாகக் குடித்தனம் தொடங்குகிறவர்களும் மாணவர்களும் அடிக்கடி வீடு மாறுகிறவர்களும் துணி வைக்க ஒரு நல்ல இடம் பெற்றது இதனால்தான். மால்ம் வரிசை அமெரிக்காவில் சுமார் 70 டாலரிலிருந்து 200 டாலருக்குள் விற்றது. பிடி இல்லாத சமதளமான முகப்பு, நேர்க்கோடுகள், எந்த அறைக்கும் பொருந்தும் தோற்றம். கோடிக்கணக்கான படுக்கையறைகளில், குறிப்பாகக் குழந்தைகளின் அறைகளில் அது இடம்பிடித்ததில் வியப்பில்லை.

சிக்கனத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பெட்டியைக் கடையிலிருந்து ஒருவரே தூக்கிப்போக வேண்டுமானால் பலகை கனக்கக் கூடாது. சிறிய அறையில் வைக்க வேண்டுமானால் ஆழம் குறைவாக இருக்க வேண்டும். மால்ம் அலமாரியின் ஆழம் 48 செ.மீ. அதன் நான்கு இழுப்பறை வடிவத்தின் உயரம் ஒரு மீட்டர். ஆறு இழுப்பறைகள் கொண்ட உயரமான வடிவம் 123 செ.மீ. அமுக்கிய மரத்தூள் பலகையில் செய்த, உயரம் அதிகமும் அடித்தளம் குறைவுமான பொருள் இது. எடையைக் குறைத்ததால் கிடைத்த லாபத்தை விலையில் கண்டோம். எடை குறைந்ததால் போன நிலைத்தன்மை விலைச்சீட்டில் எழுதப்படவில்லை.

1989 முதல் 2014 வரை

ஆணையம் பின்னாளில் வெளியிட்ட பட்டியலில் முதல் மரணம் 1989-இல் நிகழ்ந்தது. ‘கூட்டே’ என்ற நான்கு இழுப்பறை அலமாரியின் அடியில் 20 மாதக் குழந்தை சிக்கிக்கொண்டது. 2002-இல் ‘ராக்கே’ என்ற ஐந்து இழுப்பறை அலமாரி, 2007-இல் ‘கூர்ஸ்’ என்ற மூன்று இழுப்பறை அலமாரி. பெயர்கள் வேறு, வடிவங்கள் வேறு. நடந்தது ஒன்றுதான்.

2014 பிப்ரவரியில் பென்சில்வேனியாவில் இரண்டு வயதுக் குழந்தை ஆறு இழுப்பறை மால்ம் கவிழ்ந்து, அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே நசுங்கி இறந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் வாஷிங்டன் மாநிலத்தில் 23 மாதக் குழந்தை மூன்று இழுப்பறை மால்மின் அடியில் சிக்கியது. மூன்று இழுப்பறை வடிவம் 78 செ.மீ. உயரமே உள்ளது. பெரியவர் ஒருவரின் இடுப்பளவுகூட வராத பொருள். அதைப் பார்த்து ஆபத்து என்று யாருக்கும் தோன்றாது.

இந்த நிகழ்வுகள் எதிலும் அலமாரி சுவரோடு பிணைக்கப்பட்டிருக்கவில்லை என்று ஆணையம் குறிப்பிட்டது. அந்த ஒரு வாக்கியம் பின்னர் எழுந்த வாதங்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் நின்றது. நிறுவனத்தின் பக்கம் அது கேடயம்: கையேட்டில் சொன்னபடி பிணைத்திருந்தால் விழுந்திருக்காது. பெற்றோரின் பக்கம் அதுவே கேள்வி: இத்தனை வீடுகளில் யாருமே பிணைக்கவில்லை என்றால், பிணைப்பார்கள் என்று நம்பி வடிவமைத்தது எப்படிச் சரி?

கவிழும் கணக்கு

கனமான மர அலமாரிகளோடும் இரும்பு பீரோக்களோடும் வளர்ந்தவர்களுக்கு இரண்டு வயதுக் குழந்தை ஓர் அலமாரியைக் கவிழ்த்துவிடும் என்பது நம்பும்படியாக இல்லை. கணக்குப் போட்டால் நம்ப வேண்டியிருக்கிறது.

பின்னர் வழக்குக்கு வந்த ஒரு மூன்று இழுப்பறை மால்மின் எடை சுமார் 32 கிலோ என்று செய்திகள் குறிப்பிட்டன. அந்த எடையையே எடுத்துக்கொள்வோம். ஆழம் 48 செ.மீ. என்பதால், எல்லா இழுப்பறைகளும் மூடியிருக்கும்போது எடைமையம் முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ 24 செ.மீ. உள்ளே இருக்கும். அலமாரியை நிலத்தில் இருத்தும் திருப்புவிசை 32 × 24 = 768 கிலோ-செ.மீ. கவிழ்க்கும் விசை இதைத் தாண்டினால் அலமாரி விழும்.

இனி வருபவை கணக்குக்காக நான் வைத்துக்கொள்ளும் எண்கள். ஒவ்வோர் இழுப்பறையும் 5 கிலோ, 35 செ.மீ. வெளியே வரும், குழந்தையின் எடை 12 கிலோ. ஓர் இழுப்பறையை இழுத்தால் 5 × 35 = 175 குறைந்து, அலமாரியிடம் 593 மிஞ்சுகிறது. அந்த இழுப்பறையின் முகப்பில் குழந்தை தொங்கினால் 12 × 35 = 420. இன்னும் 593-ஐத் தொடவில்லை, அலமாரி நிற்கிறது.

இப்போது துணிகளை வைப்போம். ஒவ்வோர் இழுப்பறையிலும் 5 கிலோ துணி. மூடியிருக்கும்போது துணி அலமாரிக்கு உதவியே செய்கிறது: 768 என்பது 1,128 ஆகிறது. ஆனால் மூன்று இழுப்பறைகளும் திறந்துவிட்டால், ஒவ்வொன்றிலும் 10 கிலோ, 35 செ.மீ. முன்னால் வந்துவிடுகிறது. மூன்றுக்கும் சேர்த்து 1,050 போய்விடும். மிஞ்சுவது 78 மட்டும். குழந்தை தொங்க வேண்டியதில்லை. 3 கிலோ எடையை முகப்பில் வைத்தாலே முன்னால் சாய்ந்துவிடும்.

குழந்தைகள் செய்வதும் இதுதான். ஒன்றைத் திறப்பார்கள், இன்னொன்றைத் திறப்பார்கள், கீழ் இழுப்பறையில் கால் வைத்து மேலேறுவார்கள். மேலே ஒரு பொம்மை இருந்தால் கேட்கவே வேண்டாம். அமெரிக்க வீடுகளில் இன்னொரு சிறு காரணமும் சேர்கிறது. கம்பளம் விரித்த தரையில் சுவரை ஒட்டி, கம்பளத்தைப் பிடிக்கும் ஆணிப்பட்டை ஓடும். அலமாரியின் பின்கால் அதன்மேல் உட்கார்ந்தால், அலமாரி தொடக்கத்திலேயே முன்புறமாகச் சற்றுச் சாய்ந்து நிற்கிறது.

அமெரிக்காவில் இதற்கென்று ஒரு தர அளவுகோல் 2000 முதலே இருந்தது. ‘ஏ.எஸ்.டி.எம்.’ என்ற தர நிர்ணய அமைப்பு வகுத்த அதன் பெயர் ‘எஃப் 2057’. 2014 பதிப்பின்படி, காலி அலமாரியில் ஒரே ஓர் இழுப்பறையைத் திறந்து அதில் 50 பவுண்டு, அதாவது சுமார் 23 கிலோ எடையை ஏற்றிப் பார்க்க வேண்டும், விழக் கூடாது. ஐந்து வயதுவரையுள்ள குழந்தையின் எடைக்காக வைத்த எண் அது. மேலே போட்ட கணக்கில் 23 × 35 = 805; மிஞ்சியிருந்ததோ 593. என் ஊக எண்களிலேயே அந்த அலமாரி இந்தச் சோதனையில் தோற்கிறது. உண்மையிலும் மால்ம் அலமாரிகள் அந்தத் தரத்தை எட்டவில்லை.

அந்தச் சோதனையின் பலவீனம் கணக்கிலேயே தெரிகிறது. துணி இல்லாமல், ஓர் இழுப்பறையை மட்டும் திறந்து, கடினமான தரையில் சோதித்தார்கள். எந்த வீட்டில் அலமாரி காலியாக இருக்கிறது? அதைவிடப் பெரிய ஓட்டை, அந்த அளவுகோலைப் பின்பற்றுவது அப்போது தன்விருப்பமாக இருந்தது என்பது. பின்பற்றாமல் விற்றவரைத் தடுக்கச் சட்டத்தில் நேரடி விதி இருக்கவில்லை.

இலவசத் தகடு

2014 மரணங்களுக்குப் பிறகு, 2015 ஜூலையில் ஆணையமும் நிறுவனமும் சேர்ந்து ‘பழுதுநீக்கத் திட்டம்’ ஒன்றை அறிவித்தன. 2 கோடியே 70 லட்சம் அலமாரிகளுக்கு, கேட்பவருக்குச் சுவரில் பிணைக்கும் தகடும் திருகாணிகளும் இலவசம். விற்பனை நிற்கவில்லை. அதே மால்ம் அதே வடிவில் கடையில் தொடர்ந்து கிடைத்தது.

இந்தத் திட்டம் ஏன் தோற்றது என்பதைப் புரிந்துகொள்ள, பூட்டும் வேலையைக் கிட்டத்திலிருந்து பார்க்க வேண்டும்.

பெட்டியைப் பிரித்தால் எண்ணிடாத பலகைகள், ஒரு பை நிறைய உலோகத் துண்டுகள், சொற்களே இல்லாத படக் கையேடு. மரக் குச்சிகளைத் துளைகளில் செருகி, நீண்ட தலையுள்ள திருகாணியை ஒரு பலகையில் முறுக்கி, எதிர்ப் பலகையின் துளையில் வட்டமான பூட்டு ஒன்றை இறக்கி, அதை அரைச் சுற்று திருப்ப வேண்டும். ‘டக்’கென்று பிடித்துக்கொள்கிறது. இரண்டு பக்கப் பலகைகள், மேற்பலகை, அடிப்பலகை என்று சட்டம் எழுந்து நிற்கும்போது அது இன்னும் இடமும் வலமும் ஆடும். பின்புறத்து மெல்லிய பலகையை நான்கு மூலையும் சரிபார்த்து ஆணியடித்த பிறகே ஆட்டம் நிற்கிறது. அந்த அட்டை போன்ற பலகைதான் சட்டத்தைச் சதுரமாகப் பிடித்துவைத்திருக்கிறது. பிறகு இழுப்பறைகள் ஒவ்வொன்றாக. மாலை கழிந்து, முதுகு வலித்து, கடைசி இழுப்பறை தண்டவாளத்தில் ஏறி வழுக்கி உள்ளே போகும்போது வேலை முடிந்துவிட்டது என்று உடம்பே சொல்கிறது. அலமாரி நிற்கிறது. திறக்கிறது, மூடுகிறது. துணியை அடுக்கலாம்.

கையேட்டில் இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது.

அந்தப் பக்கத்தில் வரும் வேலைக்கும் அதுவரை செய்ததற்கும் சம்பந்தமே இல்லை. அதுவரை எல்லாத் துளைகளும் ஆலையிலேயே போடப்பட்டிருந்தன. இந்தத் துளையை நாம் போட வேண்டும். அதுவரை தேவைப்பட்டது ஒரு திருப்புளியும் சுத்தியலும். இப்போது துளைக் கருவி வேண்டும். அமெரிக்க வீட்டுச் சுவர் பெரும்பாலும் அரை அங்குல ஜிப்சம் பலகை. அதற்குப் பின்னால் ஏறத்தாழ 40 செ.மீ.க்கு ஒன்றாக மரச் சட்டங்கள் நிற்கும். திருகாணி அந்தச் சட்டத்தில் இறங்க வேண்டும். ஜிப்சத்தில் மட்டும் இறங்கினால் இழுத்த இழுப்புக்குக் கையோடு வந்துவிடும். சட்டம் இருக்கும் இடமும் அலமாரி வைக்க நினைத்த இடமும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். சுவர்கள் வீட்டுக்கு வீடு மாறுவதால் சுவருக்கான திருகாணியைப் பெட்டியில் சேர்ப்பதில்லை என்ற குறிப்பை இத்தகைய அலமாரிகள் பலவற்றில் இன்றும் காணலாம். வாடகை வீடு என்றால் சுவரில் துளை போட ஒப்பந்தமே தடுக்கும்.

வடிவமைப்பாளருக்கு அது பாதுகாப்பின் ஆணிவேர். வாங்குகிறவர் கண்ணுக்கு அது விருப்பமிருந்தால் செய்யும் ஒட்டு வேலை. பூட்டும் வரிசையில் அந்தப் படி கடைசியில் இருப்பதே அதன் முக்கியத்துவத்தை மறைத்துவிட்டது. அதைச் செய்யாமல் விட்டாலும் அலமாரி எந்தக் குறையும் காட்டாமல் வேலை செய்கிறது, குழந்தை ஏறும் நாள்வரை.

இலவசத் தகட்டுத் திட்டம் இவை எதையும் மாற்றவில்லை. அறிவிப்பு ஒருவர் கண்ணில் பட வேண்டும், அவர் தன் வீட்டில் இருப்பது அதே அலமாரி என்று அறிய வேண்டும், தகட்டைக் கேட்டு வாங்க வேண்டும், பின் சுவரைத் துளைக்க வேண்டும். 2016 பிப்ரவரியில், திட்டம் அறிவித்து ஏழு மாதம் ஆகியிருந்தபோது, மினசோட்டா மாநிலத்தில் 22 மாதக் குழந்தை பிணைக்கப்படாத ஆறு இழுப்பறை மால்மின் அடியில் இறந்தது. தூங்கப் போட்டிருந்த அறையில் நடந்தது. அலமாரி விழுந்த சத்தம்கூட வெளியே கேட்கவில்லை என்று பெற்றோர் பின்னர் பொதுவில் கூறினார்கள். ‘குழந்தையைக் கவனித்திருக்கலாமே’ என்று வாய் கூசாமல் சொல்கிறவர்கள் இந்தத் தகவலைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். பெற்றோர் கண்காணிக்காத நேரம் என்று ஒரு வீட்டில் உண்டென்றால், அது குழந்தை தூங்கும் நேரம்தான்.

திரும்பப் பெறுதல்

நான்கு மாதம் கழித்து, ஜூன் 28 அறிவிப்பு வந்தது. அப்போது ஆணையத்தின் தலைவராக எலியட் கே இருந்தார். வீட்டுப் பொருள்களோ தொலைக்காட்சியோ கவிழ்ந்து இரண்டு வாரத்துக்கு ஒரு குழந்தை அமெரிக்காவில் இறக்கிறது என்று ஆணையம் அந்தக் காலத்தில் எச்சரித்துவந்தது.

இம்முறை விற்பனை நின்றது. 2002 ஜனவரிக்குப் பிறகு செய்தவற்றுக்கு முழுப் பணம். அதற்கு முந்தையவற்றுக்குக் கடையில் செலவழிக்கத்தக்க பகுதித் தொகை. வேண்டுமானால் நிறுவனத்தின் ஆட்களே வீட்டுக்கு வந்து இலவசமாகச் சுவரில் பிணைத்துத் தருவார்கள். மால்ம் வரிசையில் மூன்று, மற்ற வடிவங்களில் மூன்று என்று ஆறு மரணங்கள் அந்த அறிவிப்பில் இடம்பெற்றிருந்தன.

இந்த அறிவிப்பு அமெரிக்காவோடும் கனடாவோடும் நின்றது. மற்ற நாடுகளில் அந்தந்த நாட்டின் கட்டாய விதிகளுக்கு உட்பட்டே விற்கிறோம் என்பது நிறுவனத்தின் நிலை. சீனாவில் இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அரசு ஊடகங்கள் கண்டித்தன, தர ஆய்வுத் துறை தலையிட்டது. ஜூலை மாதமே அங்கும் சுமார் 16 லட்சத்து 60 ஆயிரம் அலமாரிகளைத் திரும்பப் பெற நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஐரோப்பாவில் விற்பனை தொடர்ந்தது. ஒரே ஆலை வடிவம், ஒரே எடை, ஒரே ஆழம். ஒரு நாட்டில் குழந்தை அறைக்குத் தகாதது, எல்லை தாண்டினால் எப்படித் தகும் என்ற கேள்விக்கு, உள்ளூர் விதிகள் அனுமதிக்கின்றன என்பதைத் தவிர வேறு விடை இல்லை. இதை என்னால் ஏற்க முடியவில்லை. குழந்தையின் எடை எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

திரும்பப் பெறுவதும் முழுத் தீர்வு ஆகவில்லை. 2017 மே மாதம் கலிபோர்னியாவில் இரண்டு வயதுக் குழந்தை மூன்று இழுப்பறை மால்ம் கவிழ்ந்து இறந்தது. மேலே கணக்குப் போட எடுத்துக்கொண்டது அந்த அலமாரியின் எடையைத்தான். 2008-இல் வாங்கியது, திரும்பப் பெறும் அறிவிப்பு அந்தக் குடும்பத்தை எட்டவே இல்லை. 2017 நவம்பரில் ஆணையமும் நிறுவனமும் அதே அறிவிப்பை மறுபடியும் வெளியிட்டன. 2016 அறிவிப்பில் இடம்பெறாத இன்னொன்றையும் சேர்த்து மரணங்களின் எண்ணிக்கை எட்டு ஆகியிருந்தது.

பென்சில்வேனியா, வாஷிங்டன், மினசோட்டா குடும்பங்களுக்கு 2016 டிசம்பரில் மொத்தம் 5 கோடி டாலர் தர நிறுவனம் இணங்கியது. அமெரிக்காவில் இனி அந்தத் தன்விருப்பத் தரத்தையாவது எட்டும் அலமாரிகளை மட்டுமே விற்பது என்ற உறுதியும் அந்த உடன்பாட்டில் இருந்தது. கலிபோர்னியக் குடும்பத்தோடு 2020 ஜனவரியில் 4 கோடியே 60 லட்சம் டாலருக்கு உடன்பாடு ஆனது.

தரம் சட்டமான கதை

தொகைகளைவிட நீடித்து நிற்பது இதன் பிறகு நடந்தது. குழந்தைகளை இழந்த பெற்றோர் 2018-இல் ‘பேரன்ட்ஸ் அகெய்ன்ஸ்ட் டிப்-ஓவர்ஸ்’ (கவிழ்வுகளுக்கு எதிரான பெற்றோர்) என்ற அமைப்பைக் கூட்டினார்கள். அவர்களின் கோரிக்கை எளிமையானது: சுவர் துணையின்றித் தன் காலில் நிற்கும் அலமாரிதான் விற்பனைக்கு வர வேண்டும். பென்சில்வேனியாவைச் சேர்ந்த செனட்டர் பாப் கேசி 2016-லேயே அலமாரிகள் கவிழ்வதைத் தடுக்கும் ‘ஸ்டர்டி’ சட்ட வரைவைக் கொண்டுவந்திருந்தார். பிரதிநிதிகள் அவையில் ஜான் ஷாகோவ்ஸ்கி அதை எடுத்துச்செல்ல, 2019-இல் அங்கே நிறைவேறியது. செனட்டில் தேங்கியது.

ஆணையமே உடனே விதி வகுக்க முடியாததற்கு ஒரு காரணம் அமெரிக்கச் சட்ட அமைப்பு. தொழில்துறையே வகுத்துக்கொண்ட தன்விருப்பத் தரம் ஒன்று இருந்தால், அது போதாது என்று நிரூபித்த பிறகே ஆணையம் கட்டாய விதி வகுக்க முடியும். அந்த நடைமுறை ஆண்டுக்கணக்கில் இழுக்கும். இடையில் 2019 பதிப்பில் தரத்துக்கு உட்படும் உயரம் 27 அங்குலமாக இறங்கியது. அதன் விளைவாக 2020 மார்ச்சில் ‘குல்லென்’ என்ற மூன்று இழுப்பறை அலமாரிகள் 8 லட்சத்து 20 ஆயிரமும் திரும்பப் பெறப்பட்டன.

2022 டிசம்பர் 29 அன்று ‘ஸ்டர்டி’ சட்டம் பெரிய நிதி ஒதுக்கீட்டு மசோதாவின் பகுதியாகக் கையெழுத்தானது. 2023 செப்டம்பர் 1 முதல், அமெரிக்காவில் விற்பதற்காக அதன் பிறகு செய்யப்படும் அலமாரிகளுக்குப் புதிய தரம் கட்டாயம். 27 அங்குலமோ அதற்கு மேலோ உயரம், 30 பவுண்டோ அதற்கு மேலோ எடை, 3.2 கன அடியோ அதற்கு மேலோ கொள்ளளவு உள்ள துணி அலமாரிகள் எல்லாம் இதற்குள் வரும். சோதனை முறையும் மாறியது. இழுப்பறைகளில் சுமை ஏற்ற வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட இழுப்பறைகளைத் திறந்துவைக்க வேண்டும். கம்பளத் தரையை ஒப்ப முன்சாய்வு கொடுத்துப் பார்க்க வேண்டும். 60 பவுண்டு வரையுள்ள குழந்தை ஏறித் தொங்கி இழுக்கும் விசையை ஒத்த சோதனையில் நிற்க வேண்டும். துணியுள்ள, திறந்த, குழந்தை ஏறுகிற அலமாரியைத்தான் இப்போது சோதிக்கிறார்கள்.

இதை அடையப் பல வழிகள் உண்டு. பின்புறம் எடை சேர்க்கலாம், ஆழத்தைக் கூட்டலாம், இழுப்பறை வெளியே வரும் தூரத்தைக் குறைக்கலாம். நான் மிகவும் மதிப்பது இன்னொரு வழியை: ஒன்றைத் திறந்தால் மற்றவை பூட்டிக்கொள்ளும் அமைப்பு. ஐக்கியாவே சில வரிசைகளில் இதைக் கொண்டுவந்தது. சுவரில் பிணைக்கும்வரை ஒரு நேரத்தில் ஓர் இழுப்பறைதான் திறக்கும். பிணைத்தால்தான் எல்லாம் திறக்கும். மேலே போட்ட கணக்கில் 78 என்ற எண்ணை உண்டாக்கியது மூன்றும் ஒன்றாகத் திறந்ததுதான். அந்த நிலையே வராமல் இது தடுக்கிறது. கையேட்டின் கடைசிப் பக்கம் இப்போது இழுப்பறைக்குள்ளேயே வந்துவிட்டது. செய்யாமல் விட்டால் அலமாரி அதை நாள்தோறும் நினைவூட்டும்.

நம் வீட்டுக்கு வரும் பெட்டி

இந்தச் சட்டம் அமெரிக்காவுக்கு. ஐக்கியா 2018 ஆகஸ்ட் 9 அன்று ஹைதராபாத்தில் கடை திறந்து இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன்பும் பின்பும் இணையத்தில் பல பெயர்களில் இதே வகை அலமாரிகள் சென்னைக்கும் மதுரைக்கும் கோவைக்கும் பெட்டியில் வந்துகொண்டிருக்கின்றன. நம் ஊரில் பூட்டிக் கொடுக்கப் பெரும்பாலும் ஆள் வருகிறார். அவர் வேலை அலமாரி நிமிர்ந்து நின்றதும் முடிந்துவிடுகிறது. சுவரில் துளை போட வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் என்பார், அல்லது அதற்குத் தனிக் கூலி என்பார். தகடு உறை பிரிக்காமல் இழுப்பறையின் மூலையில் கிடக்கும்.

நமக்கு ஒரு வசதி உண்டு. செங்கல் சுவரிலும் கான்கிரீட் சுவரிலும் மரச் சட்டத்தைத் தேட வேண்டியதில்லை. சுத்தியல் வசதியுள்ள துளைக் கருவியால் துளையிட்டு, தூளை ஊதி வெளியேற்றி, பிளாஸ்டிக் பிளக் இறக்கித் திருகாணியை முறுக்கினால் நன்றாகப் பிடிக்கும். பூச்சு மட்டும் தடிமனாக இருந்தால் துளை பூச்சோடு நிற்காமல் செங்கல்வரை போக வேண்டும். இரண்டு செங்கற்களுக்கு நடுவிலுள்ள சாந்தில் துளை விழுந்தால் பிளக் சுழலும். இரண்டு விரல் தள்ளிப் புதிதாகப் போடுவது நல்லது. சுவருக்குள் ஓடும் மின் குழாயைத் தவிர்க்க, சுவிட்சுப் பலகைக்கு நேர் மேலும் நேர் கீழும் துளையிடக் கூடாது. அலமாரியின் பக்கம் தகட்டைத் திருகும்போது பின்புறத்து மெல்லிய பலகையில் திருகுவது வீண்வேலை. மேற்பலகையிலோ பக்கப் பலகையிலோ தடித்த இடத்தில்தான் பிடிக்க வேண்டும்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியவை வேறு. ஒரே விலையில் இரண்டு இருந்தால், உயரம் குறைந்து அகலமும் ஆழமும் கூடியதை எடுங்கள். கடையில் இருக்கும் மாதிரியில் எல்லா இழுப்பறைகளையும் ஒரே நேரத்தில் வெளியே இழுத்துப் பாருங்கள். பின்கால் தரையை விட்டுக் கிளம்பினால் அதோடு பேச்சு முடிந்தது. அந்த மாதிரி சுவரோடு பிணைக்கப்பட்டிருக்கிறதா என்று பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுச் சோதியுங்கள். கனமான பொருள்களைக் கீழ் இழுப்பறையில் வைக்க வேண்டும். குழந்தை எட்டிப் பிடிக்க விரும்பும் எதையும், பொம்மையோ கைப்பேசியோ ரிமோட்டோ, அலமாரியின் மேல் வைக்கக் கூடாது. தொலைக்காட்சியை வைக்கவே கூடாது.

பழைய பொருளாக வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். கைமாறும்போது கையேடும் தகடும் தொலைந்துவிடுகின்றன. புதிய அமெரிக்கத் தரம் 2023 செப்டம்பருக்கு முன் செய்தவற்றைத் தொடவில்லை. அந்த 2 கோடியே 90 லட்சத்தில் திரும்பிவராதவை இன்னும் வீடுகளில் நிற்கின்றன. வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ கனடாவிலோ குடும்பத்தோடு இருக்கும் தமிழர்கள், வீடு காலி செய்கிறவர்களிடமிருந்து இத்தகைய அலமாரிகளை வாங்குவது சாதாரணம். வாங்கினால், அலமாரியின் உட்புறத்திலோ பின்புறத்திலோ ஒட்டியிருக்கும் சீட்டில் வடிவத்தின் பெயரையும் தயாரித்த தேதியையும் பார்த்து, திரும்பப் பெற்றவற்றின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இருந்து, திரும்பப் பெறும் அறிவிப்பு வந்த நாட்டிலும் நீங்கள் இருந்தால் நிறுவனத்திடம் கேளுங்கள். 2016 அறிவிப்பு பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு ரசீதைக் கட்டாயமாக்கவில்லை. தகடு தொலைந்திருந்தால் இரும்புக் கடையில் எல் வடிவத் தகடு இரண்டு வாங்கிக்கொள்ளலாம். இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று. துணியை அடுக்குவதற்கு முன்பே.